உயிரின் ஈடு: விமான விபத்து நட்டஈட்டுச் சட்டத்தின் சமூக அடிப்படை குறித்துச் சில சிந்தனைகள்

1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த டி.சி. 8 ரக விமானமொன்று, கட்டுநாயக்காவில் இறங்குவதற்குச் சற்று முன்னர், மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதிச் சிதறியது. 182 யாத்திரிகர்களும் 9 பணியாளர்களுமாக அதில் வந்த 191 பேரும் மாண்டனர். அம்மலைத் தொடரைச் சூழ்ந்து கிடப்பவை தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்டங்களில் ஒரு தொழிலாளி இயந்திரத்திற் சிக்கி இறப்பின், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அவரது மாதச் சம்பளத்தை ஓர் அட்டவணையிற் பொருத்தி, அவர் குடும்பத்துக்குச் சேரவேண்டிய தொகையைச் சொல்லிவிடும். மலையில் மோதி மாண்ட பயணிகளுக்குரிய தொகையின் உச்ச எல்லையோ, 1929இல் வார்சோ நகரில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் வழிவந்த விதிகளில், பொன் பிராங்குகளாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஒரே மலைச்சாரலில் நிகழக்கூடிய இருவகைச் சாவுகளுக்கு இருவேறு அளவுகோல்கள் இருந்தன. இவ்வளவுகோல்கள் எத்தகைய சமூகத் தேவைகளின் பேறாகத் தோன்றின என்பதையும், விமான விபத்தில் உறவினரை இழந்த சாதாரணக் குடும்பமொன்று அவற்றின் முன் எந்நிலையில் நிற்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 2010இல் மங்களூரிலும் 2018இல் யாவாக் கடலிலும் நிகழ்ந்த விபத்துக்களை நாம் சற்று விரிவாக நோக்குவோம்.

இலக்கிய ஆய்வாளருக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். சட்டமும் ஒரு பனுவலே. ஒரு காவியத்தின் சொற்றெரிவில் அதனைத் தோற்றுவித்த சமூகத்தின் முகம் தெரிவதைப் போன்றே, ஒரு சட்ட வாசகத்தின் சொற்றெரிவிலும் அதனை ஆக்கிய வர்க்கத்தின் முகம் தெரிகின்றது. வேறுபாடு யாதெனின், காவியத்தைப் பிழையாக வாசிப்பவர் ஒரு விமர்சனத்தை மட்டுமே இழக்கிறார். சட்ட வாசகத்தைப் பிழையாக வாசிக்கும் விதவை தன் பிள்ளைகளின் சோற்றை இழக்கிறார்.

முதலில் நட்டஈடு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஈடு என்பது நிகர், ஒப்பு என்று பொருள்படும். யாழ்ப்பாணத்து வழக்கிலே அதற்கு மற்றுமொரு பொருளும் உண்டு. காணியை ஈடு வைத்தல் என்று நாம் சொல்லும்பொழுது, கடனுக்குப் பிணையாகச் சொத்தைக் கொடுத்தலையே கருதுகிறோம். (வைணவ உரைமரபில் ஈடு என்பது உரைநூலின் பெயராகவும் வரும், அது எமக்கு இங்கு வேண்டுவதன்று.) மத்திய கிழக்குக்குப் பிள்ளையை அனுப்பக் காணியை ஈடு வைத்த குடும்பம், அப்பிள்ளை விபத்தில் மாண்டபின் நட்டஈடு கேட்டுச் செல்லும்பொழுது, இச்சொல்லின் இரு பொருள்களும் ஒருவர் தலைமீதே வந்து விழுகின்றன. கடன்காரர் காத்திருக்கமாட்டார்; நட்டஈடு கொடுக்கவேண்டியவர் எத்துணைக் காலமும் காத்திருப்பார். இக்கால வேறுபாடு பின்னர் நாம் கூறப்போகும் பலவற்றுக்கு அடிப்படையாதலின் அதனை மனங்கொள்ளல் வேண்டும்.

உயிருக்கு ஈடு யாது என்ற வினாவுக்கு ஒவ்வொரு சமூக அமைப்பும் தன் செல்வத்தின் வடிவத்திலேயே விடை கண்டுள்ளது. சோழர் காலக் கல்வெட்டுக்கள் சிலவற்றில், வேட்டையில் எய்த அம்பு தவறி மனிதர்மீது பட்டு மரணம் நேர்ந்த செய்திகள் வருகின்றன. அறியாமற் செய்த கொலையாதலின் கொன்றவர் சாகவேண்டுவதில்லை என்றும், கோயிலில் நந்தா விளக்கொன்று எரிக்கவேண்டும் என்றும் சபையார் முடிவு செய்தனர். விளக்கெரிக்க வேண்டிய நெய்க்காக 90 அல்லது 96 ஆடுகள் கோயிலுக்கு விடப்பட்டன. சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுக்கள் அவ்வாடுகளைக் குறிக்கும். மந்தையில் ஆடுகள் பெருகிக்கொண்டே இருக்குமாதலால், எண்ணிக்கை குறையாமற் காக்கவேண்டியது பொறுப்பேற்ற இடையர் கடமை. இறந்தவர் பெயரால் ஏற்படுத்தப்பட்ட அச்செல்வம் சாகாது, மூப்படையாது. ஆனால் அது சேர்வது கோயிலுக்கு. இறந்தவரின் மனைவி மக்களுக்கு அக்கல்வெட்டுக்களிற் பெரும்பாலும் இடமில்லை. மாறாக, போரில் மாண்ட வீரரின் சுற்றத்தாருக்கு உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் வழங்கப்பட்டது. அரசனுக்காகச் செத்தவருக்கு நிலமும், தற்செயலாகச் செத்தவருக்கு விளக்கும் என்பது நிலப்பிரபுத்துவ அமைப்பின் தர்க்கத்துக்கு முற்றிலும் இயைந்ததே.

முதலாளித்துவம் இவ்வினாவைப் புகையிரதப் பாதைகளின் மேல் எதிர்கொண்டது. இங்கிலாந்தில் 1808ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின்படி, ஒருவரது மரணம் மற்றொருவர் வழக்கிடுவதற்குரிய தீங்காகக் கொள்ளப்படவில்லை. காலை இழந்தவர் வழக்காடலாம். உயிரை இழந்தவர் சார்பில் எவரும் வழக்காட இயலாது. அதாவது, காயப்படுத்துவதிலும் கொல்வது மலிவானது. அதே வேளையில், மரணத்துக்குக் காரணமான பொருளை, அது மாடாயினும் வண்டியாயினும், அரசனுக்குரியதாக்கும் பழைய வழமையொன்றும் நிலவியது. புகையிரதம் வந்ததும் இவ்வழமை எதிர்பாராத உயிர்ப்புப் பெற்றது. 1841 டிசெம்பர் 24ஆம் திகதி சொனிங் என்னுமிடத்தில் நிகழ்ந்த விபத்தில், சரக்குப் பெட்டிகளோடு இணைக்கப்பட்ட திறந்த பெட்டிகளிற் பயணஞ்செய்த மூன்றாம் வகுப்புப் பயணிகளே மாண்டனர். மரண விசாரணை யூரிமார் அப்புகையிரதத்தின்மீது 1000 பவுண் தண்டம் விதித்தனர். சாதாரண நகரவாசிகள் அடங்கிய யூரிகளின் கையில் இப்படியோர் ஆயுதம் இருப்பது புகையிரதக் கம்பனிகளுக்கு உவப்பாயிருக்கவில்லை. 1846இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இரு சட்டங்களை ஒருங்கே இயற்றியது. ஒன்று அப்பழைய தண்டத்தை ஒழித்தது. மற்றையது விபத்தில் மாண்டவரின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கு வழக்கிடும் உரிமையை வழங்கியது. ஆறு ஆண்டுகளின் பின், புகையிரதக் கம்பனியொன்றுக்கு எதிரான வழக்கில், இவ்வுரிமை பண இழப்புக்கே உரியது என்றும், துயரத்துக்கு விலை கணிக்கலாகாது என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று தொடக்கம், இறந்தவர் குடும்பத்துக்கு ஈட்டித் தந்திருக்கக்கூடிய கூலியே நட்டஈட்டின் அச்சாணியாயிற்று.

இப்பின்னணியிலேயே 1929ஆம் ஆண்டின் வார்சோ ஒப்பந்தத்தை நாம் நோக்குதல் வேண்டும். விமானத் தொழில் அன்று பால்குடி மாறாத தொழில். ஒரே விபத்து ஒரு கம்பனியை வீழ்த்திவிடலாம் என்ற அச்சம் இருந்தது. எனவே ஒரு பண்டமாற்று நிகழ்ந்தது. விபத்து நேர்ந்தால் கம்பனியின் தவறு எனவே கொள்ளப்படும். தவறின்மையை நிரூபிக்கும் சுமை கம்பனியைச் சாரும். அதற்கு மாறாக, ஒரு பயணிக்குரிய நட்டஈடு 125,000 பிராங்குகளுக்கு மேற்படலாகாது. இங்குக் கூறப்படும் பிராங்க், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் என்ற தூய்மையுடைய பொன்னில் 65.5 மில்லிகிராம் என்று ஒப்பந்தம் வரையறை செய்தது. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 8 கிலோ 190 கிராம் பொன் கிடைக்கும். உயிரைப் பொன்னோடு தராசிலிட்டு நிறுத்த செய்திகள் புராணங்களில் வருவதுண்டு; இருபதாம் நூற்றாண்டின் சட்டநூலில் அதே தராசு மில்லிகிராம் துல்லியத்துடன் இடம்பெற்றமை எமது கவனத்துக்குரியது. பொன் அவுன்சு ஒன்றுக்கு 35 டொலர் விற்ற காலத்தில் இத்தொகை ஏறத்தாழ 8,300 டொலர் ஆயிற்று. 1955இல் ஹேக் நகரிற் செய்யப்பட்ட திருத்தம் அதனை இரட்டித்தது.

அவ்வேளையிற் பெரும் விமானப் பயணிச் சந்தையாக வளர்ந்திருந்த அமெரிக்காவுக்கு இத்தொகை போதவில்லை. 1965இல் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அது அறிவித்தல் கொடுத்தது. 1966இல் விமானக் கம்பனிகள் இறங்கிவந்து, அமெரிக்காவைத் தொடும் பயணங்களுக்கு மட்டும் எல்லையை 75,000 டொலராக உயர்த்த உடன்பட்டன. அமெரிக்காவும் விலகும் அறிவித்தலை மீளப் பெற்றது. இதன் விளைவு விசித்திரமானது. ஒரே விமானத்தில், அருகருகே இருக்கைகளில் அமர்ந்து மாண்ட இருவரில், நியூயோர்க்குக்குப் பயணச்சீட்டு வாங்கியவருக்கு ஒரு விலையும், இடையில் ஐரோப்பாவில் இறங்கவிருந்தவருக்கு வேறொரு விலையும் ஏற்பட்டன. ஏகாதிபத்தியம் பற்றி மேடைகளிற் பேசப்படும் பலவற்றிலும் பார்க்க, இப்பயணச்சீட்டு அதனைத் தெளிவாக விளக்குகிறது எனலாம்.

இன்று பெரும்பாலான நாடுகளைக் கட்டுப்படுத்துவது 1999ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி கைச்சாத்தாகி 2003 நொவெம்பரில் நடைமுறைக்கு வந்த மொன்றியல் ஒப்பந்தமாகும். பொன் பிராங்க் போய், சர்வதேச நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்பனவு உரிமை அளவுகோலாக வந்தது. இவ்வொப்பந்தம் நட்டஈட்டை இரு படிகளாக அமைக்கின்றது. முதற்படியில், தவறு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை. நிரூபிக்கப்பட்ட இழப்பைக் கம்பனி கொடுத்தேயாகவேண்டும். இப்படியின் எல்லை தொடக்கத்தில் 100,000 அலகுகளாக இருந்து, 2009, 2019 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களின் பின்னர், 2024 டிசெம்பர் 28 முதல் 151,880 அலகுகளாக உயர்ந்தது. இழப்பு அவ்வெல்லைக்கு மேற்படின் இரண்டாம் படி திறக்கின்றது. அங்கு உச்ச எல்லை இல்லை. ஆனால் தன் பக்கத்தில் தவறெதுவும் இல்லை என்றோ, விபத்து முற்றிலும் பிறர் தவறால் நேர்ந்தது என்றோ நிரூபித்துக் கம்பனி விடுபடலாம்.

இவ்விடத்திற் பலரும் இடறி வீழ்வர். எல்லை என்னும் சொல்லை உரிமைத் தொகை என்று வாசித்துவிடுவது இயல்பு. மங்களூரில் நிகழ்ந்தது இதுவே.

2010ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி விடிகாலை, துபாயிலிருந்து மங்களூர் வந்த எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேசைபோன்று உயர்ந்த மலைமுகட்டில் அமைந்த ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் வீழ்ந்து எரிந்தது. அதிலிருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். எண்மர் உயிர் தப்பினர். மாண்டோரிற் பலர் தென் கன்னடம், காசர்கோடு ஆகிய பகுதிகளிலிருந்து வளைகுடாவுக்குச் சென்று உழைத்தவர்களும் அவர்களது குடும்பத்தினருமாவர். இந்தியா மொன்றியல் ஒப்பந்தத்தில் இணைந்து ஓராண்டே ஆகியிருந்தது. இடைக்கால உதவியாக வயது வந்தோருக்குப் பத்து இலட்சம் ரூபாவும் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு ஐந்து இலட்சமும் வழங்கப்பட்டன. குழந்தையின் உயிர் பாதி விலையாவதைப் பார்க்கும்பொழுது, பேருந்தில் அரைச்சீட்டு வாங்கும் நினைவு எமக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

குடும்பமொன்று கேரள உயர்நீதிமன்றத்தை நாடியது. 2011 ஜூலையில் தனி நீதிபதி, ஒவ்வொரு பயணிக்கும் ஆகக் குறைந்தது 100,000 அலகுகள், அதாவது ஏறக்குறைய 75 இலட்சம் இந்திய ரூபா, கொடுக்கப்படல் வேண்டும் என்று தீர்ப்பளித்தார். இறந்தவர் மேசன் தொழிலாளியாயினும் மேலாளராயினும் அடிப்படைத் தொகை ஒன்றே என்பது இத்தீர்ப்பின் உட்கிடை. கம்பனி மேன்முறையீடு செய்தது. அதே ஆண்டில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. 100,000 அலகுகள் என்பது தவறு பற்றிக் கேளாது செலுத்தவேண்டிய தொகையின் கூரையே, தரையன்று. அக்கூரைக்குள் எவ்வளவு என்பதை ஒவ்வொரு குடும்பமும் இழப்பைக் காட்டி நிரூபிக்கவேண்டும் என்று அது கூறியது. ஒப்பந்தத்தின் வாசகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது வாசிப்பே பொருத்தமானது என்பதை நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும். முதலாவது வாசிப்பு நீதிக்கு அண்மையது, வாசகத்துக்குச் சேய்மையது. சட்டத்தின் வர்க்கத் தன்மை பிழையான தீர்ப்புக்களில் மட்டுமன்றிச் சரியான தீர்ப்புக்களிலும் வெளிப்படும்.

இழப்பை நிரூபித்தல் என்றால் என்ன? இந்திய நீதிமன்றங்கள் வீதி விபத்து வழக்குகளுக்கென வகுத்த பெருக்கு முறையை விமான விபத்துக்கும் கையாள்கின்றன. முப்பத்தெட்டு வயதுடைய, மாதம் 15,000 ரூபா உழைத்த, மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடைய, நிலையான உத்தியோகமற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 180,000. எதிர்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்பதற்காக அதில் 40 சதவீதம் கூட்டப்படும், 252,000. இதில் நாலிலொரு பங்கு இறந்தவர் தமக்கெனச் செலவிட்டிருப்பார் என்று கழிக்கப்படும், மிகுதி 189,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 15. முடிவு 28 இலட்சத்து 35 ஆயிரம். இதற்கு மேல், 2017ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி, ஈமச் செலவுக்கு 15,000, உடைமை இழப்புக்கு 15,000, வாழ்க்கைத் துணையை இழந்தமைக்கு 40,000 எனச் சில தொகைகள் சேரும்.

இக்கணக்கைச் சற்று உற்று நோக்குவோம். இறந்தவர் இனி உண்ணாத சோறும் உடுக்காத உடையும் அந்த நாலிலொரு பங்காகக் கழிகின்றன. உழைப்புச் சக்தியின் விலை, உழைப்பாளியும் அவர் குடும்பமும் உயிர்வாழ்ந்து மீண்டும் உழைக்க வருவதற்கான செலவே என்று மார்க்ஸ் மூலதனத்தில் விளக்கினார். நீதிமன்றத்தின் பெருக்கு முறை, அப்பொருளியலை அறிந்தோ அறியாமலோ, அதே கோட்பாட்டை மரணத்தின் பின் செயற்படுத்துகின்றது. உழைப்பாளி தம்மைத்தாம் பேணிக்கொள்ளும் செலவு நின்றுவிட்டது. குடும்பத்தைப் பேணும் செலவு மட்டும் எஞ்சுகிறது. அவர் உற்பத்தி செய்து பிறருக்குக் கொடுத்துவந்த உபரி மதிப்பு இக்கணக்கில் எவ்விடத்திலும் இல்லை.

இதே விபத்தில் மாண்ட, வளைகுடாக் கம்பனியொன்றின் உயர் அதிகாரி ஒருவர் தொடர்பான வழக்கில், 2020 மார்ச்சில் இந்திய உச்சநீதிமன்றம் 7 கோடி 64 இலட்சம் ரூபாவும் வட்டியும் வழங்கத் தீர்ப்பளித்தது. போக்குவரத்துப் படி முதலியன சம்பளத்தில் அடங்குமா என்பதும் அவ்வழக்கில் விவாதிக்கப்பட்டது. விபத்து நிகழ்ந்து ஏறக்குறையப் பத்தாண்டுகள் கடந்திருந்தன. அக்குடும்பத்தின் வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பத்தாண்டுகள் போராடத் துணிந்தமைக்கு மதிப்பளிக்கவே வேண்டும். எமது கேள்வி வேறு. மேற்கூறிய 15,000 ரூபாத் தொழிலாளியின் 28 இலட்சம், 75 இலட்சம் என்ற முதற்படி எல்லையை அணுகவே இல்லை. அவர் குடும்பத்தைப் பொறுத்தவரை தவறு யாருடையது என்ற கேள்வி சட்டத்தின் முன் எழவேண்டிய தேவையே இல்லை. அக்கேள்வி எழக்கூடிய இரண்டாம் படிக்கு ஏறுவதற்கு உயர்ந்த சம்பளம் வேண்டும்.

இதனை இயக்கவியல் ரீதியாக நோக்குதல் அவசியம். தவறு கேளாப் பொறுப்பு ஒரு முன்னேற்றமே. விமானியும் மாண்டு, விமானமும் எரிந்துபோன நிலையில், கம்பனியின் கவனயீனத்தை நிரூபிக்குமாறு காசர்கோட்டு விதவையைக் கேட்பது அவரைக் கேலி செய்வதாகும். அச்சுமை நீக்கப்பட்டமை நன்று. ஆயினும் அதே விதி, அவரது கணவர் ஏன் இறந்தார் என்ற கேள்வியையும் நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது. மங்களூர் விபத்து பற்றிய விசாரணை மன்றம், நிலைகுலைந்த இறக்க முயற்சியைத் தலைமை விமானி கைவிடாமையே நேரடிக் காரணம் எனக் கண்டது. துணை விமானி மீளெழும்புமாறு பலமுறை கூறியிருந்தார். தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதி உறங்கியிருந்தார் என்பதும் பதிவுகளால் வெளிப்பட்டது. இரவிற் சென்று விடிவதற்குள் திரும்பும் சேவை அது. மூலதனத்தின் முதலாம் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், விபத்தொன்றின்பின் இலண்டன் மரண விசாரணை யூரிமுன் நிறுத்தப்பட்ட புகையிரதத் தொழிலாளர் தம் வேலைநேரம் எங்ஙனம் நீட்டப்பட்டது என்று கூறியதை மார்க்ஸ் எடுத்துக்காட்டுகிறார். இறந்துபோன ஒரு விமானியின் உறக்கத்தோடு நின்றுவிடாது, இரவுச் சேவைகளை வகுக்கும் அட்டவணை வரை கேள்வியைக் கொண்டுசெல்ல வல்லது வழக்கு மன்றமே. முதற்படித் தீர்வுகள் அதற்கு வழிவிடுவதில்லை.

2018 ஒக்ரோபர் 29ஆம் திகதி ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் எயர் நிறுவனத்தின் போயிங் 737 மெக்ஸ் விமானம் யாவாக் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டபொழுது இம்முரண்பாடு மேலும் கூர்மையடைந்தது. உள்நாட்டுப் பயணமாதலின், இந்தோனேசியப் போக்குவரத்து அமைச்சின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குவிதி 125 கோடி ரூபியா நட்டஈடு விதித்தது. இது சட்டப்படி கிடைக்கவேண்டிய தொகை. ஆயின், அதனைப் பெறுவதற்கு விடுவிப்புப் பத்திரமொன்றிற் கைச்சாத்திடுமாறு குடும்பங்கள் கேட்கப்பட்டன என்றும், விமானக் கம்பனியை மட்டுமன்றி விமானத்தை ஆக்கிய போயிங் நிறுவனத்தையும் வழக்கிலிருந்து அது விடுவித்தது என்றும் செய்திகள் வெளிவந்தன. விபத்துக்கு முன்னரே பயணியின் உரிமையைக் குறைக்கும் நிபந்தனைகளை மொன்றியல் ஒப்பந்தம் செல்லாதனவாக்குகிறது. விபத்தின் பின்னர் குடும்பம் தானே கைச்சாத்திட்டு உரிமையைக் கைவிடுவதை அது தடுப்பதில்லை. கடன்காரர் வாசலில் நிற்கும் வேளையே கைச்சாத்துக்கு உகந்த வேளை என்பதைக் காப்புறுதித் தொழில் நன்கறியும்.

அப்பத்திரத்தின் பெறுமதி சில மாதங்களிற் புலனாயிற்று. 2019 மார்ச் 10ஆம் திகதி அதே ரக விமானம் எத்தியோப்பியாவில் வீழ்ந்து 157 பேர் மாண்டனர். ஒரேயோர் உணரியின் பிழையான அளவீட்டை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தும் கட்டுப்பாட்டு மென்பொருள் இரு விபத்துக்களிலும் பங்கு கொண்டது தெரியவந்தது. 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களத்தோடு போயிங் செய்துகொண்ட உடன்பாட்டின் மொத்தத் தொகை 250 கோடி டொலருக்கும் அதிகம். அதில், விமானங்களை வாங்கிய கம்பனிகளுக்கு 177 கோடி. இரு விபத்துக்களிலும் மாண்ட 346 பேரின் உரித்தாளர்களுக்கு 50 கோடி. இறந்தோருக்குக் கிடைத்ததிலும் மூன்றரை மடங்கு, விமானங்களைப் பறக்கவிட முடியாமல் இலாபம் இழந்தோருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு நொவெம்பரில், எத்தியோப்பிய விபத்துக் குடும்பங்களுடனான வழக்கில், நட்டஈட்டுப் பொறுப்பை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. குடும்பங்கள் தண்டனை நட்டஈடு கோருவதைக் கைவிட்டன. பொறுப்பை ஏற்பது பெருந்தன்மை போலத் தோன்றும். பொறுப்பு ஏற்கப்பட்டபின் விசாரிக்க எஞ்சுவது தொகை மட்டுமே; யார், எப்பொழுது, என்ன அறிந்திருந்தார் என்பதை யூரியின் முன் வைக்கும் வாய்ப்பு அருகிவிடுகின்றது. தவறு கேளாப் பொறுப்பு ஏழைகளுக்குச் செய்வதை, பொறுப்பேற்பு அனைவருக்கும் செய்தது.

அமெரிக்க நீதிமன்றத்துக்குச் சென்றவர்களின் பாதையும் மலர்ப்பாதையன்று. அந்நியர் தொடுக்கும் வழக்குகளை, அவரவர் நாட்டு மன்றமே வசதியானது என்று திருப்பியனுப்பும் கோட்பாடொன்று அங்குள்ளது. வழக்குத் தீர்ந்து பணம் வந்தபின்னரும் இடர் தீர்வதில்லை. லயன் எயர் விபத்தில் மாண்டோரின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய இருபது இலட்சம் டொலர் அளவிலான தொகையைக் கொடுக்கத் தவறியதற்காக, புகழ்பெற்ற கலிபோர்னிய வழக்கறிஞர் ஒருவர் 2020 டிசெம்பரில் சிகாகோவிலுள்ள நீதிமன்றமொன்றினால் அவமதிப்புக் குற்றத்துக்குள்ளாக்கப்பட்டார்.

இந்நிலையில் குடும்பமொன்று அறிந்திருக்கவேண்டுவன சில உள. முற்பணமாகப் பெறும் தொகை உரிமையைக் கைவிடுவதாகாது; பின்னர் கிடைக்கும் தொகையிலிருந்து அது கழிக்கப்படுமேயன்றி, அதனைப் பெற்றமை பொறுப்பை ஏற்றதாகவோ முடிவான தீர்வாகவோ கொள்ளப்படாது. பற்றுச்சீட்டுக்கும் விடுவிப்புப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை, கைச்சாத்திடு முன் தன் மொழியில் வாசித்துக் காட்டுமாறு கேட்பது குடும்பத்தின் உரிமை. விமானக் கம்பனிக்கு எதிராக எந்நாட்டில் வழக்கிடலாம் என்பதிலும் தெரிவு உண்டு. கம்பனியின் நாடு, பயணச்சீட்டு வாங்கிய இடம், சென்றடைய இருந்த இடம் ஆகியவற்றோடு, கம்பனிக்கு அங்குச் சேவையும் அலுவலகமும் இருப்பின், இறந்தவர் நிரந்தரமாக வாழ்ந்த நாடும் நியாயாதிக்கம் உடையதாகலாம். இந்த இறுதி வழி மொன்றியலில் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

எல்லாவற்றிலும் கடினமானது வருமானத்தை நிரூபித்தலே. புலம்பெயர் தொழிலாளியின் ஒப்பந்தத்தில் ஒரு சம்பளமும் கையில் வேறொரு சம்பளமும் இருப்பது யாவரும் அறிந்தது. மேலதிக நேரக் கொடுப்பனவுக்குத் தாள் இராது. ஊருக்கு அனுப்பிய பணம் வங்கி வழியாக அன்றி உண்டியல் வழியாக வந்திருப்பின், பத்தாண்டு உழைப்புக்கு ஒரு துண்டுச் சான்றும் எஞ்சாது. வீடு கட்டப்பட்டிருக்கும், தங்கையின் திருமணம் முடிந்திருக்கும். இவை நீதிமன்றத்தின் கண்ணுக்குக் கூலியாகத் தெரிவதில்லை. வீட்டில் உழைத்த பெண் இறப்பின் நிலை இதனினும் இடர்மிக்கது. ஜம்ஷெட்பூர் தீவிபத்து வழக்கில் 2001இல் இந்திய உச்சநீதிமன்றம் இல்லத்தரசியின் பணிக்கு மாதம் 3,000 ரூபா என ஒரு பெறுமதி கற்பித்தது. 2021 ஜனவரியில் அதே நீதிமன்றம், அப்பணிக்குக் கணிப்பு வருமானம் கற்பிப்பது அவ்வுழைப்பை அங்கீகரிப்பதாகும் என்று வலியுறுத்தியது. பெண் உயிரோடு இருந்தவரை அவ்வுழைப்புக்கு எவரும் கூலி கணித்ததில்லை.

பயணச்சீட்டே இல்லாமல் விமான விபத்தில் மாள்வோரும் உளர். 2025 ஜூன் 12ஆம் திகதி அஹமதாபாத்திலிருந்து இலண்டனின் கட்விக் நோக்கிப் புறப்பட்ட எயர் இந்தியா விமானம் சில கணங்களிலேயே மருத்துவக் கல்லூரி விடுதியொன்றின்மேல் வீழ்ந்து, அதிலிருந்த 242 பேரில் 241 பேரும், நிலத்திலிருந்த 19 பேரும் மாண்டனர். மொன்றியல் ஒப்பந்தம் பயணிகளைப் பற்றியே பேசுகின்றது. நிலத்தில் நின்றவர் அதன் வாசகத்தில் இல்லை. அவர்களது குடும்பங்கள் உள்நாட்டுச் சட்டத்தையும் கம்பனி உரிமையாளர் அறிவித்த உதவியையும் நம்பவேண்டியோராயினர்.

பயணிகளின் குடும்பங்களுக்கு ஒப்பந்தம் விதிக்கும் காலவிதிப்பு இரண்டு ஆண்டுகள். அதற்குள் வழக்குத் தொடுக்கப்படாவிடின் உரிமை அற்றுப்போம். விசாரணை முடியவில்லை, உடல் அடையாளங் காணப்படவில்லை, பேச்சுவார்த்தை நடக்கின்றது என்ற எக்காரணமும் அதனை நீட்டிக்கும் என்று எண்ணியிருத்தல் ஆபத்தானது. கம்பனியின் பிரதிநிதி எத்துணை இன்முகத்தோடு பேசினும் நாட்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். இந்த இரண்டு ஆண்டுகளை எந்நாளிலிருந்து எண்ணுவது என்பதற்கு ஒப்பந்தம் கையாளும் சொற்றொடர் இலக்கிய மாணவரை நிறுத்திவைக்கும் தன்மையது. விபத்து நேர்ந்த நாள் என்று அது எங்கும் கூறவில்லை. விமானம் சென்றடைந்த நாள், அல்லது சென்றடைந்திருக்க வேண்டிய நாள், அல்லது பயணம் நின்றுபோன நாள் என்றே கூறுகிறது. அஹமதாபாத்திலிருந்து சென்ற விமானம் அதே ஜூன் 12ஆம் திகதி மாலை கட்விக்கைச் சென்றடைந்திருக்க வேண்டும். அக்குடும்பங்களுக்குரிய காலம் 2027ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் திகதியுடன் முடிவடையும்.